கூடத்தில் மாட்ட ஒரு படம்

அத்தியாயம் 14

படங்களின் கட்டை அவிழ்த்து, கடைசிப் படத்தை நிமிர்த்திப் பார்த்த சின்னவளை ஒரு வாரமாக அதே இடத்தில் நிற்க வைத்துவிட்டோம். பாவம், நூலகத்தின் படிப்பறையில், நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்ட வெறும் தரையில், வாயில் நான்கு கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு நிற்கிறாள். துப்பக்கூடத் தோன்றவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இவளுடைய அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, பள்ளிக்கூட முக்கில் ஒரு வேன் அவன் மேல் ஏறிவிட்டது. வேனை ஓட்டியவன் கண்ணயர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பெண்கள். அம்மா, சின்னவள், அண்ணி.

அண்ணி சலவைக்கடையில் துணி வாங்கி ரசீது போடுகிறவள். அண்ணன் போன ஆறாம் மாதம், இஸ்திரி போட்ட சட்டைக்குள் மடிப்பு கலையாமல் இருக்க வைப்பார்களே, அந்த வெள்ளை அட்டையில் ஏதோ கிறுக்க ஆரம்பித்தாள். கிறுக்கல் கோடானது, கோடு ஆளானது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தாள். முடிவெட்டுகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ரொட்டிக் கடையில் வரிசை, மாடிப்படியில் காய்ந்துகொண்டிருக்கும் ஒற்றைக் காலுறை. நூலகர் அதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் பெட்டியில பூட்டி வெச்சிருக்கறது அநியாயம்மா" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை பூராவும் படிப்பறையை ஒழித்துக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

சின்னவள் கையில் இருந்த படத்தில் ஒரு டயர் கடை. ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து, காற்றடித்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறான். குமிழி எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்கிறான். தண்ணீரின் வெளிச்சம் அவன் தாடையில் அடிக்கிறது.

அந்தத் தாடையை அவளுக்குத் தெரியும். வேன் வழக்கு நடந்த பதினோரு நாளும் கோர்ட்டில் பக்கவாட்டில் பார்த்திருக்கிறாள்.

ஒருவழியாகக் கிளிப்புகளைத் துப்பினாள். "அண்ணி."

ஸ்டூல் மேல் நின்று சுவருக்குச் சுவர் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். சின்னவள் கையில் இருப்பது என்ன என்று பார்த்தாள். ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்."

"எப்ப? அவனைக் கல்யாணம் பண்ணிக்கற அன்னிக்கா?"

அண்ணி கையிலிருந்த கயிற்று நுனியைப் பார்த்தாள்.

"இது அவன்தானே?"

"ஆமா."

"ஜெயில்ல இல்ல இருந்தான்?"

"விட்டுட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு. பஸ் டிப்போ பின்னாடி டயர் கடையில இருக்காரு."

"இருக்காரா?" சின்னவள் சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தியில்லை. "மரியாதை எல்லாம் பலமா இருக்கே."

அண்ணி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கயிற்று நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"முதல்ல எனக்குத் தெரியாது. வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு அங்கதானே நிப்பேன். டயரை அடுக்கி வெச்சிருக்கறது பார்க்க நல்லா இருந்துச்சு. வரைஞ்சேன். ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கிட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தாரு. மூணு நாள் முதுகுதான் வரைஞ்சேன். நாலாவது நாள் திரும்பிட்டாரு."

"அப்புறம்?"

"அவரும் என்னைப் பார்த்தாரு. யாருன்னு தெரிஞ்சுபோச்சு. எழுந்து உள்ள போயிடுவாருன்னு நெனச்சேன். போகல. அப்படியே உட்கார்ந்துட்டாரு. வரைஞ்சா வரைஞ்சுக்கோன்னு சொல்ற மாதிரி. நான்தான் கிடைச்ச பஸ்ஸுல ஏறி ஓடி வந்தேன். அது நம்ம பக்கம் போற பஸ்ஸே இல்ல."

"திரும்ப ஏன் போனீங்க?"

"அசிங்கமா வரையறதுக்கு." அண்ணி தலை நிமிர்ந்தாள். "நெஜமாத்தான் சொல்றேன். படத்தைப் பார்க்கறவங்க காறித் துப்பணும், அப்படி அவன் மூஞ்சிய வரையணும்னு வன்மமாத்தான் போனேன். எட்டு அட்டை பாழாச்சு. கை கேட்கல. எதிர்ல என்ன இருக்கோ அதைத்தான் அது வரையுது. எதிர்ல ஒரு ஆள் பஞ்சர் பார்த்துக்கிட்டு இருக்கான். அவ்வளவுதான் இருந்துச்சு."

சின்னவள் படத்தை மறுபடி பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நனைந்த கைகள். நகக்கண்ணில் கருப்பு. கட்டைவிரல் ரப்பரை அழுத்தும் இடத்தில் தோல் வெளுத்திருப்பதைக்கூட விடவில்லை.

"கையை இவ்வளவு அழகா வரைஞ்சிருக்கீங்க" என்றாள். "எங்க அண்ணன் கையை ஒரு தடவையாவது வரைஞ்சீங்களா? முப்பத்தோரு படம். பஸ் கண்டக்டர் இருக்காங்க, ரொட்டிக்காரர் இருக்காரு, யாரோ போட்டுட்டுப் போன காலுறைகூட இருக்கு. அண்ணன் எங்க?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

அண்ணி விரலில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கு வரல" என்றாள். "போட்டோவைப் பார்த்து வரைஞ்சா போட்டோதான் வருது. பார்க்காம வரைஞ்சா யாரோ வர்றாங்க. என் பக்கத்துல பதினாலு வருஷம் படுத்துத் தூங்கின மனுஷன். காது எப்படி இருக்கும்னு யோசிச்சா தெரியல. அப்ப எனக்கு வரையத் தெரியாதே. இருந்தப்ப நான் அவரைப் பார்க்கவே இல்லையோன்னு இருக்கு."

அந்தச் சமயம் பார்த்து நூலகர் உள்ளே வந்தார். கையில் பசை வாளி, மூக்கின் நுனியிலும் கொஞ்சம் பசை. 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகையின் கீழ் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த மனிதர். ஆளே இல்லாத அறையிலும் கிசுகிசுத்துத்தான் பேசுவார்.

"நோட்டீஸ் எல்லாம் ஒட்டியாச்சும்மா. நூறும் தீர்ந்துபோச்சு. எல்லா பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டிட்டேன்." சின்னவள் கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, இதுதான், இதுதான்! முப்பத்தொண்ணுல முத்து. நோட்டீஸுக்கு இதைத்தான் போட்டேன்."

அண்ணியின் முகம் வெளுத்துப்போயிற்று. "என்னைக் கேட்கலையே சார்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு கேட்கல" என்று குழந்தை மாதிரி கிசுகிசுத்துவிட்டு, அவர் வாளியைக் கழுவப் போனார்.

"அம்மா நாலு மணிக்கு வர்றாங்க" என்றாள் சின்னவள். "இதை எடுத்துடுங்க."

"எடுத்தா முப்பதையும் எடுத்துடுவேன்."

"பிடிவாதம் பிடிக்கற நேரமா அண்ணி?"

"பிடிவாதம் இல்ல. எனக்கு ஒழுங்கா வந்தது இது ஒண்ணுதான். ஏன்னு கேட்காதே, எனக்கே தெரியல." அண்ணி எழுந்து படத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். "மூலையில மாட்டறேன். பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. அத்தை அவ்வளவு தூரம் வர மாட்டாங்க. கால் வலிச்சு உட்கார்ந்துடுவாங்க."

"அம்மாவுக்கு இன்னிக்குப் புதுக் கண்ணாடி, ஞாபகம் இருக்கா?"

அண்ணிக்கு ஞாபகம் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

*

சின்னவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுக்கிறவள், சொந்த அம்மாவின் கண்ணில் புரை முற்றும்வரை கவனிக்கவில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. ஆறு வாரத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆயிற்று. இன்று மத்தியானம் கடைக்குப் போய், தானே சாணை பிடித்துப் பொருத்திய கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு, ஒரு மணிக்கே கிளம்பி உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டு வந்தியா? போடு, போடு. இனிமே உங்க ரெண்டு பேரு திருட்டு முழியும் எனக்குத் தெரியும்."

சின்னவள் கண்ணாடியை மாட்டிக் காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்தாள். அம்மா நேரே கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாருடி இது? உங்க அப்பாவோட அக்கா மாதிரி இருக்கா."

"நீதாம்மா."

"நானா! அந்தப் பொம்பளையோட முப்பது வருஷம் சண்டை போட்டது வீணாப் போச்சே. கடைசியில அவளாவே ஆயிட்டேன்."

சின்னவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவள், சுவரில் இருந்த அண்ணன் போட்டோவுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். சிரிப்பு எப்போது நின்றது என்று சொல்ல முடியாது. கிட்டே போனாள். மூச்சுப் பட்டுப் படத்தின் கண்ணாடி மங்கியது.

"புருவத்துக்கு மேல தழும்பு" என்றாள். "நாலு வயசுல கட்டில் விளிம்புல இடிச்சுக்கிட்டது. மறந்தே போயிட்டேன்டி. ரெண்டு வருஷமா இவன்கிட்ட தினம் பேசறேன். வெறும் புகையைப் பார்த்துல்ல பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

சின்னவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கோர்ட்டுக்கு அம்மா ஒரே ஒரு நாள்தான் வந்தாள். "அவன் எங்கடி நிக்கறான்?" என்று கேட்டாள். சின்னவள் கையைக் காட்டினாள். அம்மா ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வெளியே வந்ததும், "என்ன மொரட்டு ஆளு, எவ்வளவு உசரம்!" என்றாள். அப்போதுதான் சின்னவளுக்குப் புரிந்தது. அம்மா அந்த ஒரு மணி நேரமும் சபித்துக்கொண்டிருந்தது காவலுக்கு நின்ற போலீஸ்காரரை. திருத்தி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால், அம்மா ஒன்று வரமாட்டாள், அல்லது வந்து படத்தைக் கிழிப்பாள். இரண்டில் எது நடந்தாலும் முடிந்துபோகும்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். வெகு காலத்துக்குப் பிறகு அந்தக் கண்கள் அவள் முகத்தில் வந்து சரியாக நின்றன.

"நீ இளைச்சுட்டேடி" என்றாள் அம்மா. "இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லையே. என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் இல்லம்மா. புதுக் கண்ணாடியில படி உசரமாத் தெரியும். பார்த்து இறங்கு."

*

நான்கு மணிக்குப் படிப்பறையில் நிற்க இடமில்லை. சலவைக்கடை முதலாளி வந்திருந்தார். ரொட்டிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். பெண் கண்டக்டர் சீருடையோடு, இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். எல்லாரும் தங்களைத் தாங்களே தேடிக்கொண்டிருந்தார்கள்.

முடிவெட்டுகிறவர் தன் படத்துக்கு முன்னால் நின்று வழுக்கையைத் தடவினார். "ஏம்மா, வரையறதுதான் வரைஞ்சே, இங்க ரெண்டு முடி சேர்த்து வரையக் கூடாதா? எனக்கே இப்படின்னா என் கடைக்கு எவன் வருவான்?"

"இருக்கறதைத்தான் அண்ணே வரைவேன்" என்றாள் அண்ணி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. 'சத்தம் போடாதீர்கள்' பலகையின் கீழ் நின்று நூலகரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்மா முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். உட்காரவும் இல்லை, ஒன்றைக்கூடத் தாண்டவும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போனாள். மருமகள் ஒன்றரை வருடமாகச் சமையலறை மேசையில் குனிந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

"இது நம்ம மாடிப்படி. இந்த விரிசலைக்கூட விடல பாரு... இது ரொட்டிக்காரன் பொண்டாட்டி. நிக்கற நிப்பைப் பாரேன், அப்படியே அவதான்... அம்மாடி, இங்க வா."

அண்ணி வந்தாள்.

"நீ ராத்திரி பகலா உட்கார்ந்து கிறுக்கறேன்னு நான் ஏசியிருக்கேன். மனசுல வெச்சுக்காதே."

"ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தை." அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னவள் பார்த்தும் பார்க்காதது போல நின்றாள்.

இருபது. இருபத்தைந்து. சின்னவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். "டீ குடிக்கலாம் வாம்மா, கால் வலிக்கும்."

"எனக்கு வலிச்சா நான் சொல்ல மாட்டேனா? அங்க என்ன, பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒண்ணு தொங்குது?"

"அது ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததையா இவ வரைஞ்சு மாட்டியிருக்கா?" அம்மா போயே விட்டாள்.

அந்த மூலையில் வெளிச்சம் குறைவு. அம்மா கண்ணாடியை ஒரு விரலால் தூக்கி, இறக்கி, சரியான இடத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். மற்றப் படங்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னவள், இதற்குச் சொல்லவில்லை. பின்னால் அண்ணியும் சின்னவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இப்போது பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு இந்தப் பையன்?"

"டயர் கடையில வேலை செய்யறவர், அத்தை."

"என்னத்தையோ பறிகொடுத்துட்டுத் தண்ணிக்குள்ள தேடற மாதிரி இருக்கான்." அம்மா விரலை நீட்டினாள். படத்தில் படாமல், அந்தத் தாடையின் ஓரமாகக் காற்றில் தடவினாள். "எனக்கு இதான் புடிச்சிருக்கு. எல்லாத்தையும் விட இதான். இதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடு."

"வீட்டுக்கா?"

"கூடத்துல மாட்டலாம். பெரியவன் போட்டோவுக்குப் பக்கத்துச் சுவர் காலியாத்தானே கெடக்கு? அவன் பாட்டுக்குத் தனியா தொங்கிக்கிட்டு இருக்கான். பக்கத்துல ஒரு மனுஷ முகம் இருக்கட்டுமே."

அண்ணி எதையோ பிடித்துக்கொள்வது போலப் பேப்பர் ஸ்டாண்டைப் பிடித்தாள். "அத்தை, அது..."

"என்ன, யாருக்காவது குடுக்கறேன்னு சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை. அது வந்து..."

சின்னவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே அவன் நிற்பதைப் பார்த்தாள்.

*

கேட் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தான். குளித்து, தலையைப் படிய வாரியிருந்தான். சட்டை துவைத்த சட்டை, ஆனால் இஸ்திரி போடாதது. கோர்ட்டில் பார்த்தபோது கன்னத்தில் சதை இருந்தது. இப்போது படத்தில் இருந்த அதே ஒட்டிய தாடை.

இரண்டு வருடமாகச் சின்னவள் இந்த நிமிடத்துக்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பஸ்ஸில் போகும்போதும், லென்ஸுக்குச் சாணை பிடிக்கும்போதும், பல் தேய்க்கும்போதுகூட. இன்ன வார்த்தை, அதற்கு அடுத்து இன்ன வார்த்தை என்று அடுக்கி வைத்திருந்தாள். கேட்டுக்குப் போகும் இருபதடியில் அத்தனையும் எங்கோ கொட்டிப்போயிற்று.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

'ங்க' என்று சொல்லிவிட்டதை, சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

அவன் அவளைக் கண்டு ஓரடி பின்வாங்கினான். அவள் யார் என்று புரிந்துகொண்டது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"உள்ள வர மாட்டேன்" என்றான். "வெளியிலேர்ந்து தெரியுமான்னு பார்க்கத்தான் வந்தேன்."

"என்ன தெரியுமான்னு?"

"அவங்க என்னை என்னவா வரைஞ்சிருக்காங்கன்னு." அவன் நோட்டீஸைக் காட்டினான். "இதுல மை அப்பிக் கெடக்கு. மூஞ்சியே தெரியல."

சின்னவள் நோட்டீஸைப் பார்த்தாள். உண்மைதான். குனிந்த ஒரு கருப்பு, ஒரு தொட்டி, அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தை பேசினதில்ல" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "எதிர்ல வந்து நிப்பாங்க. வரைவாங்க. பஸ் வந்தா போயிடுவாங்க. ஒரு நாள் கல்லை எடுத்து அடிப்பாங்கன்னு தினமும் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவே இல்ல. அப்புறம் இந்த நோட்டீஸ்..."

"எங்கம்மா உள்ள இருக்காங்க."

அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. "அவரோட அம்மாவா?"

"ஆமா. போயிடுங்க. தயவு செஞ்சு போயிடுங்க."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். திரும்பி நான்கைந்து அடி நடந்தும்விட்டான்.

"ஏய், தம்பி! இரு, இரு!"

படிக்கட்டின் உச்சியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த அட்டை. கயிற்றிலிருந்து தானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள், கிளிப்பு இன்னும் மேல் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அண்ணி ஓடி வந்தாள்.

"இவன்தானே அது? பாருடி, படத்துல இருக்கறவனேதான்! ஜன்னல் வழியாப் பார்த்தேன்" என்றாள் அம்மா சந்தோஷமாக. கண் தெரிகிற சந்தோஷம். "உன் படத்தைப் பார்க்கத்தான் வந்தியா? வெளியிலேயே நின்னுட்டுப் போறியே, வெட்கமா?"

"அத்தை, நில்லுங்க!" என்றாள் அண்ணி.

அம்மா நிற்கவில்லை. முதல் படி சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது படியைக் கால் உயரமாக நினைத்துத் தேடியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. சின்னவள் கேட்டருகே இருந்தாள், அண்ணி வாசற்படியில் இருந்தாள். இருவருமே எட்டமாட்டார்கள்.

அவன் எப்படி வந்தான் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. கேட்டைத் தாண்டி, படி ஏறி, அம்மாவின் கையைத் தாங்கிப் பிடித்துவிட்டிருந்தான். அட்டை கீழே விழுந்து, படம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"தப்பிச்சேன்டா சாமி" என்று அம்மா அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்தே. கை ஏன்ப்பா இப்படி நடுங்குது? விழப்போனது நான்தானே."

அவனால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. விட்டால் அம்மா விழுந்துவிடுவாள்.

"நீ யாரு எவருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா. "ஆனா உன் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுல மாட்டணும்னு தோணுச்சு. உன்னைக் கேட்காம மாட்டக் கூடாது இல்ல? உன் பேரு என்னப்பா?"

அம்மாவுக்கு அவன் முகம் தெரியாதே தவிர, பேர் தெரியும். கோர்ட்டில் மூன்று தடவை உரக்கக் கூப்பிட்ட பேர். அதே பேர் கொண்ட ஒருவர் டிவியில் செய்தி வாசித்தார் என்பதற்காக இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஏழு மணிச் செய்தி கிடையாது.

அவன் சின்னவளைப் பார்த்தான்.

ஏதாவது ஒரு பேர். சின்னவளின் நாக்கு நுனியில் இருபது பேர்கள் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் போதும். அம்மா நம்பிவிடுவாள், அவன் போய்விடுவான், படத்தை ராத்திரிக்குள் எங்காவது ஒளித்துவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். வாசற்படியில் அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டுவது தெரிந்தது.

அதற்குள் அவனே சொல்லிவிட்டான். தன் பேரையும் அப்பா பேரையும் சேர்த்து, கூண்டில் நின்று சொன்னதைப் போலவே சொன்னான்.

தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. யாரோ ஏறினார்கள். பஸ் போயிற்று.

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரற்கடை நகரவில்லை. உதடு மட்டும் எதையோ சொல்லப் போவது போலக் குவிந்து, சொல்லாமல் அடங்கியது. உள்ளே முடிவெட்டுகிறவர் ஏதோ சொல்ல, கூட்டம் மறுபடி சிரித்தது.

"அம்மா" என்றாள் சின்னவள். ஓடி வந்து தன் கையை நீட்டினாள்.

"என்னை உள்ள கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நீட்டிய மகளின் கையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் விரல்கள் அவனுடைய கையை இன்னும் விடவில்லை.